வாய்க்காலில் வரும் நோய்

இறால் குளத்தில் வைரஸ் இறங்கிவிட்டால் மருந்து கிடையாது. தடுப்பதற்குச் சட்டம் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது. ஆனாலும் நோய் ஏன் பண்ணைக்குப் பண்ணை தாவுகிறது?

விடிந்தும் விடியாத நேரத்தில் குளக்கரையில் காக்கை கூடினால் இறால் பண்ணைக்காரருக்கு வயிறு கலங்கும். இறால் தின்கிறதா என்று பார்க்கத் தீவனம் வைக்கும் செக் டிரேயை இழுத்துப் பார்த்தால் முந்தின நாள் மாலை வைத்த தீவனம் அப்படியே கிடக்கும். எப்போதும் அடியில் மேயும் இறால் மேலே வந்து, கரையோரமாகச் சோர்ந்து நீந்தும். ஒன்றைக் கையில் எடுத்துத் தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டின் உட்புறத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதிலிருந்து 3 முதல் 10 நாட்களுக்குள் குளத்து இறாலில் 80 சதவீதத்துக்கு மேல் செத்துவிடும். பல குளங்களில் ஒன்றுகூட மிஞ்சாது.

அந்தச் சில நாட்களில் பண்ணைக்காரர் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. வலை போட்டு மிஞ்சியதை அள்ளி, வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டு, குளத்து நீரில் பிளீச்சிங் பவுடரைக் கலந்து நிறுத்தி, குளோரின் அடங்கிய பிறகு வெளியேற்றுவது ஒன்று. மதகைத் திறந்து தண்ணீரையும் இறாலையும் சேர்த்தே வடித்துவிடுவது இன்னொன்று. விதி முதலாவதைத்தான் சொல்கிறது. நோய் கண்ட குளத்தில் அவசர அறுவடை வலையால் மட்டுமே நடக்க வேண்டும், சுத்திகரிக்காத நீர் வடிகாலுக்குப் போகக் கூடாது என்று கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் வனாமி இறால் வளர்ப்புக்கான வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஆனால் இரண்டாவது வழிக்குச் செலவு இல்லை, நேரமும் பிடிப்பதில்லை. இரவில் மதகு திறந்தால் பார்ப்பதற்கு ஆளும் இல்லை.

திறந்துவிட்ட தண்ணீர் போய்ச் சேருவது உப்பாற்றிலோ கழிமுகத்து ஓடையிலோதான். மறுநாள் காலையில் அதே ஓடையில் மோட்டார் வைத்து இன்னொரு பண்ணை தண்ணீர் இறைக்கும். இறால் நோய்க் கட்டுப்பாட்டின் சிக்கல் முழுவதும் இந்த ஓடையில்தான் இருக்கிறது. உரிமம், பரிசோதனை, அபராதம் எல்லாம் பண்ணைக்குப் பண்ணை தனித்தனி. தண்ணீர் மட்டும் பொது.

நோய் கப்பலேறி வந்தது

வெள்ளைப்புள்ளி நோய் 1992-93 வாக்கில் சீனாவிலும் தைவானிலும் தலைகாட்டியது. 1994இல் இந்தியக் கிழக்குக் கரைக்கு வந்து, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் புலி இறால் குளங்களைக் காலி செய்தது. அப்போது தாய் இறால்களைக் கடலில் வலைபோட்டுத்தான் பிடித்தார்கள். வைரஸ் தாங்கிய தாய் இறால் பார்வைக்கு நலமாகவே இருக்கும். அது பொரிக்கும் லட்சக்கணக்கான குஞ்சுகள் லாரி ஏறி நூறு குளங்களுக்குப் போகும். நண்டு, காட்டு இறால், குளத்துப் பூச்சிகள் எனப் பல உயிர்கள் இந்த வைரஸைச் சுமப்பதால் ஒருமுறை வந்தது திரும்பிப் போகவில்லை. தண்ணீரின் சூடு குறைந்தால் நோய் தீவிரமாகும், 32 டிகிரிக்கு மேல் போனால் வைரஸின் பெருக்கம் மட்டுப்படும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குளத்தில் குஞ்சு விடப் பண்ணையாளர்கள் தயங்குவதற்கு இதுவே காரணம்.

புலி இறாலுக்கு மாற்றாக, லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி இறாலை வணிக முறையில் வளர்க்க மத்திய அரசு 2009இல் அனுமதி தந்தது. கடலில் பிடிக்காமல், பல தலைமுறைகளாக மூடிய கூடங்களில் வளர்க்கப்பட்டு, குறிப்பிட்ட நோய்க் கிருமிகள் இல்லை என்று உறுதி செய்யப்பட்ட தாய் இறால்களை மட்டுமே இறக்குமதி செய்யலாம் என்பது நிபந்தனை. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் தாய் இறால்கள் நேராகப் பொரிப்பகத்துக்குப் போக முடியாது. சென்னை நீலாங்கரையில், கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் கீழுள்ள ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நடத்தும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் அவற்றை நிறுத்திவைத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்கிறார்கள். தேறாத தொகுதி அங்கேயே அழிக்கப்படும்.

கிருமி இல்லாத இறால் என்றால் நோய் அண்டாத இறால் என்று பொருளில்லை. விற்பனையாளர்கள் சிலர் அப்படிச் சொல்லி விற்றதும், வாங்கியவர்கள் நம்பியதும் வனாமியின் தொடக்க ஆண்டுகளில் நடந்தன. சுத்தமான குஞ்சை அழுக்கான ஓடைத் தண்ணீரில் விட்டால் மற்ற இறாலைப் போலவே அதுவும் சாகும். பொரிப்பகத்தின் உள்ளேயே கூட ஒரு ஓட்டை இருந்தது. தாய் இறால் நன்றாக முட்டையிட உயிருள்ள பாலிகீட் புழுக்களைத் தீவனமாகப் போடுவது வழக்கம். பழவேற்காடு ஏரி போன்ற இடங்களின் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த புழுக்கள் அவை. பல லட்சம் செலவழித்து, பரிசோதித்து, தனிமைப்படுத்திக் கொண்டுவந்த தாய் இறாலுக்கு, எந்தப் பரிசோதனையும் இல்லாத சேற்றுப் புழுவை ஊட்டினால் சங்கிலி அந்த இடத்திலேயே அறுந்துபோகிறது.

> பெட்டிச் செய்தி: குளத்தின் எதிரிகள்
>
> வெள்ளைப்புள்ளி: வைரஸ். சில நாட்களில் குளமே காலி. 1994 முதல் இந்தியாவில் உள்ளது.
>
> இஎச்பி: நுண்பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி. 2009இல் தாய்லாந்தில் விவரிக்கப்பட்டது. கொல்லாது, வளரவும் விடாது.
>
> இளம்பருவ இறப்பு நோய்: குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே இறப்பு. சீனாவில் 2009 வாக்கில் தொடங்கி வியட்நாம், தாய்லாந்து எனப் பரவியது. நச்சு சுரக்கும் விப்ரியோ பாக்டீரியாதான் காரணம் என்று அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழு 2013இல் கண்டறிந்தது. தாய்லாந்தின் இறால் உற்பத்தி ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது.
>
> வெள்ளை வால் நோய்: நன்னீர் இறாலான ஸ்காம்பியின் குஞ்சுகளைத் தாக்கும் வைரஸ். இதற்கான உலக விலங்கு சுகாதார அமைப்பின் ரெஃபரன்ஸ் ஆய்வகமாக அங்கீகாரம் பெற்றது ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் உள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி.
>
> புண் நோய்: கெண்டை, விரால் போன்ற நன்னீர் மீன்களின் உடலில் ஆழமான புண்கள். 1988இல் வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. நீர்ப்பூஞ்சை ஒன்றுதான் காரணம்.

சாகடிக்காத நோய்தான் அதிகம் பறிக்கிறது

வெள்ளைப்புள்ளியின் கொடூரம் கண்ணுக்குத் தெரியும். இஎச்பி அப்படி இல்லை. குஞ்சு விட்டு 30, 40 நாள் வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதன் பிறகு வீச்சு வலை போட்டுப் பார்த்தால் ஒரே குளத்தில் பெரிதும் சிறிதுமாக இறால் கலந்து வரும். தீவனம் தீர்ந்துகொண்டே இருக்கும், எடை ஏறாது. சில குளங்களில் நூல் நூலாக வெள்ளைக் கழிச்சல் மிதக்கும். இறாலின் கல்லீரலும் கணையமும் சேர்ந்த உறுப்பில் இந்த ஒட்டுண்ணி குடியிருந்து, உண்ட உணவின் சத்தை உடலுக்குச் சேரவிடாமல் செய்கிறது.

இறால் வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. அதையும் பெரும்பாலான சிறு பண்ணையாளர்கள் டீலரிடம் கடனுக்கு வாங்குகிறார்கள். விலை நிர்ணயமோ கவுன்ட் கணக்கில் நடக்கிறது, அதாவது கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்று பார்த்து. கிலோவுக்கு 40 நிற்க வேண்டிய இடத்தில் 100 நின்றால் அறுவடைப் பணம் டீலர் பாக்கிக்கே போதாது. வெள்ளைப்புள்ளி வந்தால் 'போச்சு' என்று குளத்தை மூடிவிடலாம். இஎச்பி வந்த குளத்துக்கு மூன்று மாதம் தீவனம் போட்ட பிறகுதான் நட்டம் புரியும்.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (சிபா) இந்த இழப்பைக் கணக்கிட்டிருக்கிறது. 2021இல் வெளியான அதன் ஆய்வின்படி இஎச்பியால் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,977 கோடி ரூபாய் இழப்பு. வெள்ளைப்புள்ளியால் 1,670 கோடி. ஒரு பயிரில், அதாவது ஒரு வளர்ப்புச் சுற்றில், ஏதேனும் ஒரு நோய் தாக்கும் வாய்ப்பு 49 சதவீதம் என்கிறது அதே ஆய்வு. பூவா தலையா போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ரூபாயில் மட்டும் நிற்பதில்லை இந்த இழப்பு. தீவனம் போடுபவர், இரவுக் காவலர், அறுவடை வலை இழுப்பவர், பதனிடும் ஆலையில் தலை கிள்ளும் பெண்கள் என்று கூலி வேலையிலும் ஆண்டுக்கு 16 லட்சத்துக்கு மேற்பட்ட மனித நாட்கள் போய்விடுகின்றன.

இந்த ஒட்டுண்ணியின் வித்துக்குத் தடித்த சுவர் உண்டு. குளத்தைக் காயப்போட்டால் மட்டும் சாகாது. ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பைக் கலந்து உழுது, நீர் தெளித்து, மண்ணின் கார அளவை 12 வரை உயர்த்தினால்தான் அழியும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. ஒரு குத்தகைக்காரர் அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று தெரியாத குளத்துக்கு 6 டன் சுண்ணாம்பு வாங்குவாரா என்பது வேறு கேள்வி. நோய்க் கட்டுப்பாட்டுக் கையேடுகள் குத்தகை முறையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

வழக்கு மன்றத்தில் பிறந்த ஒழுங்குமுறை

இந்தியாவில் இறால் வளர்ப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் நோயை நினைத்துப் பிறந்ததில்லை. தஞ்சை, நாகை கடலோரத்தில் விளைநிலங்கள் இறால் குளங்களாக மாறி, குடிநீர்க் கிணறுகள் உவர்ந்ததை எதிர்த்து, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை இடிக்கவும், தனி ஆணையம் ஒன்றை அமைக்கவும் உத்தரவானது. பின்னர் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, தலைமையகத்தைச் சென்னையில் வைத்து, பண்ணைகளை முறைப்படுத்தியது.

பிறப்பிடம் அதுவாக இருந்ததால் சட்டத்தின் கண் முதலில் நிலத்தின் மேல் விழுந்தது. கடலிலிருந்து எத்தனை மீட்டர், விளைநிலமா, உப்பளமா, குடிநீர் ஆதாரம் எவ்வளவு தூரம் என்ற கேள்விகள் அதில் நிறைய உண்டு. நோய் பற்றிய விதிகள் வனாமியின் வருகையோடு 2009க்குப் பிறகுதான் அழுத்தம் பெற்றன. சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக் கூடாது. நண்டு நுழையாத வேலியும் பறவை இறங்காத கம்பி வலையும் வேண்டும். தண்ணீரை நேராக ஏற்றாமல், தேக்கிச் சுத்தப்படுத்த இருப்புக் குளம் வேண்டும். ஒவ்வொரு குளத்துக்கும் தனி வலை, தனி வாளி. பண்ணை எவ்வளவு சிறியதானாலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு இருக்க வேண்டும்.

ஒவ்வொரு விதியும் அறிவியலுக்கு ஏற்றதுதான். ஆனால் 2 ஏக்கரில் இரண்டு குளம் வைத்திருப்பவர் அதில் ஒன்றை இருப்புக் குளமாகவும், இன்னொரு மூலையைச் சுத்திகரிப்புக்காகவும் ஒதுக்கினால் இறால் வளர்க்க மிஞ்சுவது சொற்பம். பெரிய பண்ணைகளுக்கு எளிதான விதி, சிறிய பண்ணைகளுக்குக் கையெழுத்துப் போடும் படிவமாக மட்டுமே நின்றுபோனதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

2023இல் சட்டம் திருத்தப்பட்டது. பொரிப்பகங்கள், தாய் இறால் பெருக்க மையங்கள், கடற்பாசி, கூண்டு மீன் வளர்ப்பு எல்லாம் அதன் வரம்புக்குள் வந்தன. பதிவு செய்யாமல் பண்ணை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை என்றிருந்த தண்டனை அபராதமாக மாறியது. கடலோர வளர்ப்பில் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு வெளிப்படையான தடையும் சட்டத்திலேயே இடம்பிடித்தது. சிறைத் தண்டனையை எடுத்தது சரியான முடிவே. யாரும் போகாத சிறையைக் காட்டி மிரட்டுவதைவிட, உண்மையில் வசூலாகும் அபராதம் மேல்.

> பெட்டிச் செய்தி: சாப்பிடுவோருக்கு ஆபத்தா?
>
> வெள்ளைப்புள்ளி வைரஸும் இஎச்பி ஒட்டுண்ணியும் மனிதரைத் தாக்குவதில்லை. நோய் கண்ட குளத்து இறாலைச் சமைத்துச் சாப்பிடுவதால் அந்த நோய் நமக்கு வராது. கவலைப்பட வேண்டியது நோய்க்காகப் போட்ட மருந்தைப் பற்றித்தான். குளோராம்பெனிகால் அரிதாக எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த உற்பத்தியை நிறுத்திவிடும். நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளின் எச்சம் தசையோடு பிணைந்து நாள்கணக்கில் தங்கும், சமைத்தாலும் முழுதாகப் போகாது. பச்சை இறாலைத் தூண்டில் இரையாகப் போடுவதும், கழுவிய நீரை ஓடையில் ஊற்றுவதும் மனிதருக்கு ஆபத்தில்லை, அந்த ஓடையில் வாழும் இறாலுக்கு ஆபத்து.

மருந்துக் கடையும் ஏற்றுமதிப் பெட்டியும்

ஒழுங்குமுறைக்கு இரண்டாவது உந்துதல் வெளிநாட்டுத் துறைமுகங்களிலிருந்து வந்தது. 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு 60,523 கோடி ரூபாய். அதில் உறைய வைத்த இறால் மட்டும் 40,013 கோடி. இவ்வளவு பெரிய வணிகத்தை ஒரு பெட்டியில் கண்ட மருந்து எச்சம் ஆட்டிவைக்கும். 2016இல் ஐரோப்பிய ஒன்றியம், இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறால் சரக்குகளில் 10 சதவீதம் என்றிருந்த சோதனையை 50 சதவீதமாக உயர்த்தியது. அறுவடைக்கு முன் பண்ணை இறாலை எடுத்துச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகங்கள், தேசிய எச்சக் கண்காணிப்புத் திட்டம் எல்லாமே இத்தகைய அழுத்தத்தில் வளர்ந்தவை.

இதில் ஒரு வினோதம் உண்டு. நாட்டின் இறால் பண்ணைகளுக்கு அதிகம் நட்டம் தரும் இரண்டு நோய்களில் ஒன்று வைரஸ், இன்னொன்று பூஞ்சை இன ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் இரண்டையும் ஒன்றும் செய்யாது. ஆனாலும் அது குளத்தில் விழுந்தது. இறால் சாகும்போது எதையாவது போட வேண்டும் என்ற பதற்றம், கூடவே வரும் விப்ரியோ பாக்டீரியாவைப் பற்றிய பயம், தீவனக் கடையிலேயே ஆலோசனையும் மருந்தும் ஒன்றாகக் கிடைக்கும் வசதி ஆகிய மூன்றும் சேர்ந்து அதைப் போடவைத்தன. கால்நடைக்கு நோய் என்றால் டாக்டர் வருவார். இறாலுக்கு வருபவர் பல ஊர்களில் தீவன கம்பெனியின் டெக்னீசியன்தான். விற்பவரே மருத்துவராகவும் இருக்கும் இடத்தில் மருந்து குறைவாகப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

தடை இப்போது கடை வரைக்கும் வந்திருக்கிறது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் மருந்துகளை இறக்குமதி செய்வதையும் தயாரிப்பதையும் விற்பதையும் 2025 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் தடை செய்தது. அதற்கு முன்பு வரை, பண்ணையில் பயன்படுத்தத் தடை, கடையில் விற்பனைக்கு வழி என்ற நிலைதான் நீடித்தது. கடலோர ஆணையமும் ஆன்டிபயாடிக் கலக்காத இடுபொருட்களுக்குச் சான்று வழங்கிவருகிறது. ஆனால் ஏற்றுமதிச் சோதனை பிடிப்பது மருந்தை மட்டும்தான். மருந்தே போடாமல், நோயோடு, சுத்திகரிக்காத தண்ணீரை ஓடையில் விட்ட பண்ணையின் இறால் அந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும்.

> பெட்டிச் செய்தி: நார்வேக்கு முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?
>
> நார்வேயின் சால்மன் பண்ணைகள் 1987இல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் பயன்படுத்தின. இன்று அங்கே உற்பத்தி 10 லட்சம் டன்னைத் தாண்டிப் பல மடங்காகிவிட்டது, மருந்தோ ஆண்டுக்கு ஒரு டன்னை ஒட்டியும் அதற்குக் கீழும்தான் செலவாகிறது. முக்கியக் காரணம் தடுப்பூசி. கூண்டில் விடுமுன் ஒவ்வொரு மீன் குஞ்சுக்கும் ஊசி போடுகிறார்கள்.
>
> இறாலுக்கு அது முடியாது. தடுப்பூசி வேலை செய்ய, பழைய எதிரியை அடையாளம் வைத்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்கள் உடலில் வேண்டும். முதுகெலும்பில்லாத இறாலிடம் அந்த அமைப்பு இல்லை. ஆகவே கிருமி உள்ளே வராமல் தடுப்பது ஒன்றே வழி.

ஏன் யாரும் சொல்வதில்லை?

நீர்வாழ் உயிரினங்களுக்கான தேசிய நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2013இல் தொடங்கியது. லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபு வளப் பணியகம் அதை ஒருங்கிணைக்கிறது. 2023 ஜூனில் கைபேசியிலேயே நோயைப் படம் எடுத்துத் தெரிவிக்க 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற செயலியும் வந்தது. திலேப்பியா மீன்களைத் தாக்கும் திலேப்பியா ஏரி வைரஸ் இந்தியாவுக்குள் வந்ததை 2018இல் உறுதிசெய்தது போன்ற வேலைகள் இப்படிப்பட்ட கண்காணிப்பால்தான் சாத்தியமாயின.

ஆனால் ஒரு பண்ணையாளர் தன் குளத்தில் வெள்ளைப்புள்ளி என்று தானாக முன்வந்து சொன்னால் என்ன கிடைக்கும்? செய்தி பரவியதும் வியாபாரி விலையைக் குறைப்பார். தீவன டீலர் பாக்கியைக் கேட்பார். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் குளத்தில் அடுத்த வாரம் வரும் நோய்க்கும் இவரையே காரணம் சொல்வார். அரசிடமிருந்து இழப்பீடு வராது. பறவைக் காய்ச்சலுக்காக அழிக்கப்படும் கோழிக்கு மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து இழப்பீடு தரும் ஏற்பாடு உண்டு. கோழிப் பண்ணைக்காரர் வாய் திறப்பதற்கு அது ஒரு காரணம். இறாலுக்கு அப்படி ஒன்று இல்லை. தகவல் சொன்னவருக்கு நட்டமும் மறைத்தவருக்கு ஆதாயமும் தரும் ஏற்பாட்டில், எவ்வளவு நல்ல செயலி வந்தாலும் தகவல் வராது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இதற்கு நேர் எதிரானது. குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் 2016 டிசம்பரில் வெள்ளைப்புள்ளி உறுதியானதும் நோய் கண்ட 7 பண்ணைகளின் குளங்களையும் அரசு முன்னின்று குளோரின் போட்டு அழித்தது. அடுத்த மாதமே வேகவைக்காத இறாலின் இறக்குமதியை நிறுத்திவைத்தது. அப்பகுதியின் பச்சை இறால் வெளியே போகத் தடை வந்தது. பண்ணைக்காரர்களுக்கு நிதியுதவியும் அறிவிக்கப்பட்டது. வைரஸ் அத்தோடு ஒழிந்துவிடவில்லை, பின்னாளில் வேறு இடங்களிலும் தலைகாட்டியது. ஆனால் அழிப்புச் செலவையும் முடிவையும் தனி ஆளின் தலையில் கட்டாததால், மறைப்பதற்கு அங்கே யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இந்தியாவில் இழப்பீட்டின் இடத்தில் காப்பீடு மெல்ல நுழைகிறது. 2024இல் ஒப்புதல் பெற்ற பிரதமர் மீன்வள விவசாயிகள் வள மேம்பாட்டு உதவித் திட்டம், 4 ஹெக்டேர் வரையிலான பண்ணைகளுக்குக் காப்பீட்டு பிரீமியத்தில் 40 சதவீதத்தை ஊக்கத்தொகையாகத் தருகிறது. ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் உச்சவரம்பு. சரிபாதி வாய்ப்பில் நோய் தாக்கும் பயிருக்குக் காப்பீட்டு நிறுவனம் என்ன பிரீமியம் கேட்கும் என்பதில்தான் திட்டத்தின் வெற்றி இருக்கிறது.

ஒரே ஓடை, ஒரே நாட்காட்டி

அண்டை நாட்டில் ஒரு பாடம் உண்டு. இலங்கையின் இறால் பண்ணைகள் பெரும்பாலும் புத்தளம் மாவட்டத்தில் சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளைச் சுற்றி அமைந்தவை. தமிழ் மீனவர் ஊரான உடப்பு முந்தல் களப்புக்கும் கடலுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இந்தக் களப்புகளை இணைப்பது ஒல்லாந்தர் கால்வாய். பண்ணைகள் அதிலிருந்தே தண்ணீர் எடுத்தன, அதிலேயே கழிவையும் விட்டன. 1996இல் வெள்ளைப்புள்ளி வந்தபோது நோய் கால்வாய் போன இடமெல்லாம் போனது. பல குளங்கள் கைவிடப்பட்டு வெறும் உவர் நிலமாகக் கிடந்தன.

அதன் பிறகு அங்கே வந்தது மண்டலப் பயிர் நாட்காட்டி. கடலோரத்தை மண்டலங்களாகவும் உபமண்டலங்களாகவும் பிரித்து, எந்த மண்டலம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று பண்ணையாளர் சங்கங்களும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் சேர்ந்து அட்டவணை போடுகின்றன. ஒரு மண்டலம் வளர்க்கும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். சங்கத்தின் அனுமதி இல்லாதவருக்குக் குஞ்சு கிடைப்பது கடினம். பிசிஆர் சோதனை தேறாத குஞ்சுக்கும் அனுமதி இல்லை. விதியை மீறுபவரைத் தூரத்து அதிகாரிக்கு முன்னால் பக்கத்துக் குளத்துக்காரர் பார்த்துவிடுவார். அது அவருடைய தண்ணீருக்கும் கேடு என்பதால் சும்மா இருக்கவும் மாட்டார்.

ஆந்திரத்திலும் இதன் ஒரு வடிவம் சோதிக்கப்பட்டது. கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் ஆசிய-பசிபிக் மீன்வளர்ப்பு மையங்களின் கூட்டமைப்பும் 2000த்தில் கைகோத்து, மேற்கு கோதாவரியின் மொகல்தூரு போன்ற ஊர்களில் ஒரே ஓடையைப் பகிரும் சிறு பண்ணையாளர்களைக் குழுவாக்கின. ஒரே வாரத்தில் குஞ்சு விடுவது, பொரிப்பகத்தோடு கூட்டாக ஒப்பந்தம் போட்டுச் சோதித்த குஞ்சை வாங்குவது, யாருக்காவது நோய் வந்தால் மற்றவர்களுக்குச் சொல்லித் தண்ணீர் ஏற்றுவதை நிறுத்துவது என்பன அவற்றின் நடைமுறைகள். விளைச்சல் கூடியது, நோய் குறைந்தது. அந்த அனுபவத்தில்தான் 2007இல் நீடித்த நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான தேசிய மையம் உருவாகி, கடலோர மாநிலங்களில் இறால் சங்கங்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அத்தகைய சங்கங்கள் உண்டு. ஆனால் குஞ்சு விடும் தேதியைச் சங்கம் தீர்மானிக்கும் அதிகாரத்தை இந்தியச் சட்டம் எங்கும் தரவில்லை. எல்லாம் விருப்பத்தின் பேரில் நடப்பவை. வனாமிக்கு விலை ஏறினால் விருப்பம் மாறிவிடும்.

சிலியின் கதை, விருப்பத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. 2007இல் சிலோயே தீவில் சால்மன் ரத்தசோகை வைரஸ் கண்டறியப்பட்டபோது பண்ணைகள் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக நின்றன. 2010க்குள் அட்லாண்டிக் சால்மன் உற்பத்தி மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. அதன் பிறகே கடலை 'அண்டைப் பகுதி'களாகப் பிரித்து, ஒரு பகுதியில் உள்ள எல்லாப் பண்ணைகளும் ஒன்றாகவே காலியாக இருந்தாக வேண்டும் என்ற விதியை அந்நாடு சட்டமாக்கியது.

2 கிலோமீட்டருக்கு அப்பால்

கடலோர ஆணையத்தின் அதிகாரம் கடல், கழிமுகம், உப்பாறு ஆகியவற்றின் உயர் ஓதக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் வரை. அதற்கு உட்புறம் மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். உள்நாட்டு உவர்நிலத்தில் வனாமி வளர்ப்பு இப்போது அரியானா, பஞ்சாப், ராஜஸ்தான் வரை போய்விட்டது. அங்கே விடப்படும் குஞ்சுகள் கடலோரப் பொரிப்பகங்களிலிருந்தே போகின்றன. குஞ்சு லாரியில் ஏறும் வரை ஆணையத்தின் விதி செல்லும், இறங்கிய இடத்தில் மாநில மீன்வளத் துறை என்ன வைத்திருக்கிறதோ அதுதான் விதி. ஆந்திரம் 2020இல் தனியாக நீர்வாழ் உயிரின வளர்ப்பு மேம்பாட்டு ஆணையச் சட்டத்தை இயற்றி, பொரிப்பகம் முதல் தீவனம், உள்நாட்டுப் பண்ணை வரை ஒரே குடையின் கீழ் கொண்டுவர முயன்றது.

கெண்டை, திலேப்பியா, விரால் வளர்க்கும் ஏரி, குட்டைகளின் நிலை இன்னும் தளர்வானது. திலேப்பியா ஏரி வைரஸ் 2014இல் இஸ்ரேலில் அடையாளம் காணப்பட்டு நான்கே ஆண்டுகளில் இந்தியாவை எட்டியது. நன்னீர் மீன் குஞ்சு வியாபாரம் இன்றும் ஆக்சிஜன் நிரப்பிய பைகளில், பேருந்திலும் மினி லாரியிலும், மாநிலம் விட்டு மாநிலம் நடக்கிறது. இறால் குஞ்சுக்குப் பிசிஆர் சான்று கேட்கும் பழக்கம் கடலோரத்தில் ஓரளவுக்கு வந்துவிட்டது. கெண்டைக் குஞ்சை வாங்குபவர் பையைத் தூக்கிப் பார்த்துத் துள்ளுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்.